மூன்று முறை அலைன்மென்ட் செய்தும் நேராக ஓடாத ஹைலக்ஸ்: உயர்த்தப்பட்ட ஒரு பிக்கப்பின் நிகழ்வு ஆய்வு

வண்டியும் முறையீடும்

மஸ்கட்டின் கலா தொழிற்பேட்டையில் நான் பணியாற்றும் பட்டறைக்கு வந்த இந்த வண்டி, 2013-ஆம் ஆண்டின் டொயோட்டா ஹைலக்ஸ். இரட்டைக் கேபின், நான்கு சக்கர இயக்கம், 2.7 லிட்டர் பெட்ரோல் என்ஜின். கிராமங்களில் ஆழ்துளைக் கிணற்றுப் பம்புகளைப் பழுதுபார்க்கும் ஒரு சிறு நிறுவனத்துக்குச் சொந்தமானது. வாரத்தின் பெரும்பகுதி மஸ்கட்–நிஸ்வா நெடுஞ்சாலையில் ஓடும். எஞ்சிய நாட்களில் அல்ஹம்ராவிலிருந்து மலைமுகட்டைக் கடந்து பிலாத் சைத், வாதி பனி அவ்ஃப் வழியாக ருஸ்தாக் பக்கம் இறங்கும் செங்குத்தான கரடுமுரடுப் பாதையில் ஏறி இறங்கும். பாதையில் கிடக்கும் கற்கள் அடிப்பாகத்தில் இடிக்கின்றன என்பதால், உரிமையாளர் எட்டு மாதங்களுக்கு முன் வேறொரு பட்டறையில் வண்டியை உயர்த்தியிருந்தார். முன்பக்கத்தில் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூணின்) தலையில் 25 மி.மீ. தடிமனுள்ள ஸ்பேசர் ஒன்றும், பின்பக்கத்தில் பட்டை ஸ்பிரிங் கட்டுக்குள் கூடுதலாக ஒரு பட்டையும் சேர்க்கப்பட்டிருந்தன.

அன்றிலிருந்து மூன்று முறை வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்யும் வேலை, செய்யப்பட்டது. ஒவ்வொரு முறையும் இரண்டு வாரமோ மூன்று வாரமோ சரியாக ஓடிய வண்டி, மறுபடியும் இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. முன் டயர்கள் இரண்டும் 14,000 கி.மீ.க்குள் தேய்ந்து தீர்ந்தன. ஓட்டுநரான தம்பி சொன்னது ஒரே வரி: “ஸ்டியரிங்க விட்டா இடது பக்கம் ஓடுதுண்ணே, பிடிச்சா கை வலிக்குது.” அந்த ஒரு வரியிலேயே பாதி நோய் அடங்கியிருந்தது. ஓமானில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் செல்கின்றன; மழைநீர் வடிவதற்காகச் சாலை வலது ஓரத்தை நோக்கிச் சற்றே சரிந்திருக்கும். எனவே குறையில்லாத வண்டி கையை விட்டால் மெல்ல வலப்பக்கம் நகரும். சரிவை எதிர்த்து இடப்பக்கம் ஏறுகிற வண்டியில் குறை சிறியதாக இருக்க முடியாது.

தொடுவதற்கு முன் எடுத்த அளவுகள்

உயர்த்தப்பட்ட வண்டியை நேராக அலைன்மென்ட் மேடையில் ஏற்றித் திருத்தத் தொடங்குவதை நான் ஏற்பதில்லை. வந்த நிலையை முதலில் பதிவு செய்யாவிட்டால், எது நகர்ந்தது என்று பின்னால் கண்டுபிடிக்க வழியே இருக்காது. நல்வாய்ப்பாக, அதே நிறுவனத்தில் அதே ஆண்டின் உயர்த்தப்படாத ஹைலக்ஸ் ஒன்று இருந்தது. அதையும் வரவழைத்து ஒப்பிட்டோம்.

உயரத்தைத் தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் காற்றழுத்தமும் கணக்கில் கலந்துவிடும். ஆகவே சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்தோம். உயர்த்தப்படாத வண்டியைவிட இந்த வண்டியின் முன்புறம் இடப்பக்கம் 58 மி.மீ., வலப்பக்கம் 51 மி.மீ. உயர்ந்திருந்தது. இரண்டு பக்கமும் ஒரே தடிமனுள்ள ஸ்பேசர் போடப்பட்டிருக்க, 7 மி.மீ. வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதே முதல் கேள்வியாக எழுந்தது.

மேடையில் கிடைத்த அளவுகள் இவை. கேம்பர் என்பது முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் தலை வெளியே (+) அல்லது உள்ளே (−) சாய்ந்திருக்கும் கோணம்; டோ என்பது மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்ளே குவிந்தோ வெளியே விரிந்தோ இருக்கும் அளவு; காஸ்டரைப் பின்னால் விளக்குகிறேன். கேம்பர் இடப்பக்கம் +0.9 டிகிரி, வலப்பக்கம் +0.3 டிகிரி. காஸ்டர் இடப்பக்கம் 0.8, வலப்பக்கம் 1.9, உயர்த்தப்படாத வண்டியில் அது இரு பக்கமும் 2.9 ஆக இருந்தது. முன் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து 5 மி.மீ. வெளியே விரிந்திருந்தன. பின் அச்சு நேராக உந்தாமல் 0.22 டிகிரி இடப்பக்கம் சாய்ந்து உந்திக்கொண்டிருந்தது. வலது முன் டயரின் உள்விளிம்பு வழுக்கையாகியிருந்தது. இடது முன் டயரில் இரண்டு விளிம்புகளும் தேய்ந்து நடுப்பகுதி மட்டும் தப்பியிருந்தது. இப்படிப்பட்ட தேய்மானத்தைப் பார்த்தவுடன் காற்றுக் குறைவு என்று சொல்லிவிடத் தோன்றும். ஓட்டுநரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். காற்று சரியாகவே இருந்தது. வெளியே சாய்ந்த கேம்பர் வெளிவிளிம்பையும், விரிந்த டோ உள்விளிம்பையும் ஒரே டயரில் தின்றுகொண்டிருந்தன.

உயரம் கூடினால் கோணம் ஏன் மாறுகிறது

ஹைலக்ஸின் முன் சக்கரம், அதைச் சேஸியோடு இணைக்கும் இரண்டு ஆர்ம்களில் மேலும் கீழுமாகத் தொங்குகிறது. மேல் ஆர்ம் குட்டை, கீழ் ஆர்ம் நீளம். ஸ்ட்ரட்டின் கீழ்முனை, கீழ் ஆர்மின் நீளத்தில் ஏறத்தாழப் பாதித் தொலைவில் பிடிக்கப்பட்டிருப்பதால், தலையில் வைக்கும் 25 மி.மீ. ஸ்பேசர் சக்கரத்தில் 50 மி.மீ. அளவுக்குப் பெருகுகிறது. வண்டியின் உடல் உயர, இரண்டு ஆர்ம்களும் கீழ்நோக்கிச் சாய்கின்றன. அவற்றின் நீளம் வேறுபடுவதால் சாயும் வட்டங்களும் வேறுபடுகின்றன. குட்டையான மேல் ஆர்ம் கீழே இறங்கும்போது சக்கரத்தின் தலை வெளியே தள்ளப்பட்டுக் கேம்பர் பாசிட்டிவ் பக்கம் போகிறது. அதே இறக்கத்தில் காஸ்டரும் குறைகிறது.

உயர்த்திய வண்டிகளில் அதிகம் புறக்கணிக்கப்படுவது இந்தக் காஸ்டர்தான். ஆர்ம்களின் முனையிலுள்ள உருண்டை மூட்டுகளான மேல் பால் ஜாயிண்ட்டையும் கீழ் பால் ஜாயிண்ட்டையும் இணைக்கும் கோடு, பக்கவாட்டில் இருந்து பார்க்கும்போது எவ்வளவு பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது என்பதே காஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்வாக வைக்கப்பட்டிருப்பதை நினைத்துப் பார்க்கலாம். இரண்டு கையையும் விட்டுவிட்டுப் பையன்கள் நேராக மிதித்துக்கொண்டு போவதற்கு அந்தச் சாய்வும் துணை செய்கிறது. காஸ்டர் குறைந்தால் டயர் உடனடியாகத் தேயாது என்பதால் அதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் வளைவு முடிந்தபின் ஸ்டியரிங் தானாகத் திரும்பாது. நெடுஞ்சாலையில் வண்டி அலையும். இரு பக்கக் காஸ்டரும் வேறுபட்டால், குறைவாக உள்ள பக்கம் இழுக்கும். இந்த வண்டியில் இடப்பக்கக் காஸ்டர் 1.1 டிகிரி குறைவு, இடப்பக்கக் கேம்பர் 0.6 டிகிரி அதிகம். இரண்டுமே வண்டியை இடப்பக்கம் இழுப்பவை.

கேம்பரையும் காஸ்டரையும் திருத்துவதற்குக் கீழ் ஆர்மின் முன்பிடிப்பிலும் பின்பிடிப்பிலும் மையம் விலகிய கேம் போல்ட்டுகள் உள்ளன; அவற்றைத் திருப்பினால் ஆர்மின் பிடிப்பு உள்ளேயோ வெளியேயோ நகரும். கேம்பரை நெகட்டிவ் பக்கம் கொண்டுவர இரண்டு பிடிப்புகளையும் வெளியே தள்ள வேண்டும். காஸ்டரைக் கூட்ட முன்பிடிப்பை உள்ளேயும் பின்பிடிப்பை வெளியேயும் நகர்த்தி, பால் ஜாயிண்ட்டை முன்னே கொண்டுவர வேண்டும். ஆக, முன் கேமை ஒரு திருத்தம் வெளியே இழுக்கிறது, மற்றொன்று உள்ளே இழுக்கிறது. கம்பெனி உயரத்தில் இரண்டுக்கும் இடம் போதும். 50 மி.மீ. உயர்த்திய பிறகு கேம்பரைச் சரிசெய்வதற்குள்ளேயே கேமின் வீச்சு தீர்ந்துவிடுகிறது. காஸ்டருக்கு மிச்சம் இருப்பதில்லை. முந்தைய மூன்று அலைன்மென்ட்டுகளிலும் கேம்பரும் டோவும் மட்டும் திருத்தப்பட்டு, காஸ்டர் கிடைத்த இடத்தில் விடப்பட்டதற்கு இதுவே காரணம்.

பிரித்தபோது கண்டவை

இடப்பக்கப் பின் கேமின் தகட்டில் பழைய அழுக்குக்கோடு ஓரிடத்திலும், கேமின் இப்போதைய விளிம்பு வேறிடத்திலும் இருந்தன. போல்ட் இறுக்கப்பட்ட பிறகு நகர்ந்திருக்கிறது, அதுவும் உள்நோக்கி. நட்டை டார்க் ரெஞ்சால் (இறுக்கும் முறுக்கை அளந்து காட்டும் சாவியால்) சோதித்தபோது, கம்பெனிக் கையேடு கேட்கும் முறுக்கில் பாதியிலேயே அது அசைந்துகொடுத்தது. பிரேக் பிடிக்கும்போது சாலை டயரைப் பின்னோக்கித் தள்ளுகிறது. அந்த விசை கீழ் ஆர்மின் பின்பிடிப்பை உள்ளே அழுத்துகிறது. மலையிலிருந்து பிரேக்கை மிதித்தபடி இறங்கும் வண்டியில், பாதி இறுக்கத்தில் இருக்கும் கேம் நாளுக்கு நாள் சிறிது சிறிதாக உள்ளே சரிந்ததில் வியப்பில்லை. அலைன்மென்ட் செய்த இரண்டு மூன்று வாரங்களில் இழுப்பு திரும்பி வந்தது இப்படித்தான்.

இடப்பக்கத்தின் 7 மி.மீ. கூடுதல் உயரத்துக்கு விடை ஆர்ம் புஷ்களில் கிடைத்தது. இந்த ரப்பர் புஷ்கள் சுழலும் தாங்கிகள் அல்ல. உள்குழாயும் வெளிக்குழாயும் ரப்பரோடு ஒட்டப்பட்டவை. போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் சேஸியோடு பூட்டிக்கொள்கிறது. அதன்பின் ஆர்ம் அசையும் ஒவ்வொரு முறையும் ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கிறது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கப்பட்ட நிலையிலேயே இருந்து, ஆர்மைக் கீழே தள்ளி வண்டியைத் தூக்கிப் பிடிக்கும். பின்னர் கிழியும். இந்த வண்டியின் இடப்பக்கப் புஷ்களில் ஒன்று ஏற்கெனவே அரைவட்டமாகக் கிழிந்திருந்தது. சோதனைக்காக வண்டியைத் தரையில் நிறுத்தி, ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியைக் குலுக்கிவிட்டு மறுபடி அளந்தோம். இடப்பக்கம் 51 மி.மீ.க்கும் வலப்பக்கம் 48 மி.மீ.க்கும் இறங்கின.

பின்பக்கத்தில் கண்டது இதைவிடக் கவலைக்குரியது. கூடுதல் பட்டையைச் சேர்க்கும்போது, பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டை மாற்றியாக வேண்டும்; அதன் தலை, அச்சின் மேலுள்ள மேடைத் துளைக்குள் உட்கார்ந்தால்தான் அச்சு முன்பின் நகராது. இங்கே போடப்பட்டிருந்த போல்ட்டின் தலை துளையைவிடப் பெரியது. இடப்பக்கத்தில் அது துளைக்குள் இறங்காமல் விளிம்பிலேயே நசுங்கி நின்றது. ஸ்பிரிங்கை அச்சோடு சேர்த்துக் கட்டும் யு-போல்ட்டுகளின் பிடி ஒன்றே அச்சைத் தாங்கியிருந்தது. பழைய யு-போல்ட்டுகளையே மறுபடி பயன்படுத்தியிருந்ததால் அந்தப் பிடியும் தளர்ந்துவிட்டது. இடது முனை 6 மி.மீ. பின்னால் போயிருந்தது. பின் சக்கரங்களுக்கு இடையே 1,540 மி.மீ. என்று வைத்தால் அது 0.22 டிகிரிக்குச் சமம். அலைன்மென்ட் மேடை காட்டிய அளவும் அதுவே. முன் சக்கரங்களை மட்டும் பார்க்கும் அலைன்மென்ட் இதை ஒருபோதும் கண்டுகொள்ளாது. ஸ்டியரிங் சக்கரம் நேராக ஓடும்போதும் இடப்பக்கம் கோணி நின்றதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது ஒன்று, எவரும் தொடாமல் விட்டதால் கெட்டது. இந்த ஹைலக்ஸின் பின் அச்சுக்கும் சேஸிக்கும் இடையே, சுமைக்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று ஒரு நெம்புகோலால் இணைக்கப்பட்டுள்ளது. சுமை ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால், பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் போகும். பட்டை சேர்த்துப் பின்பக்கத்தை 40 மி.மீ. உயர்த்தியவர்கள் நெம்புகோலை அப்படியே விட்டிருந்தார்கள். எவ்வளவு சுமை ஏற்றினாலும் பின்னாலுள்ள சரக்குத் தொட்டி காலியாக இருப்பதாகவே வால்வு எடுத்துக்கொண்டு, பின் பிரேக்கைக் குறைத்தே கொடுத்திருக்கிறது. வேலை முழுவதும் முன் பிரேக்குகளின் மேல் விழுந்தது. தளர்ந்த கேம் அவ்வளவு விரைவில் சரிந்ததற்கு இதுவும் துணை நின்றிருக்கும் என்பது என் கணிப்பு. வண்டியை உயர்த்தும் எவரும் இந்த நெம்புகோலைப் பார்க்காமல் வண்டியை வெளியே அனுப்பக் கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. டயர் தேய்ந்தால் பணம் போகும், இது உயிர்ச் சேதத்தில் கொண்டுபோய் விடும்.

எவ்வளவு உயரம் தேவை

உரிமையாளருடன் இதைத்தான் நீண்ட நேரம் பேசினோம். பின் டிஃபரன்ஷியலில் (பின் அச்சின் நடுவிலுள்ள கியர்க் கூட்டில்) கல் இடிக்கிறது என்பதே அவருடைய முதன்மையான குறை. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் டிஃபரன்ஷியல் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அது அச்சோடு இருக்கிறது, அச்சு டயரோடு இருக்கிறது. உயர்வது சேஸியும் உடலும் மட்டுமே. படிக்கட்டுப் பலகை, டேங்க், கியர்பாக்ஸின் அடிப்பாகம் ஆகியவற்றுக்கு உயர்வு பயன்படும். முன் சக்கரங்களைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டுகளின் கோணம், காஸ்டரின் இழப்பு, உள்ளே ஏற்றும் சுமை எல்லாவற்றையும் கணக்கிட்டு, முன்பக்கம் 40 மி.மீ. போதும் என்று முடிவு செய்தோம்.

ஸ்பேசரை எடுத்துவிட முடிவு செய்ததற்குத் தனிக் காரணம் உண்டு. ஸ்பேசர் ஸ்பிரிங்கின் வலிமையை மாற்றாது. ஸ்ட்ரட்டை முழுவதுமாகக் கீழே இறக்குவதால், சக்கரம் தொங்கும் எல்லையையும் 50 மி.மீ. கீழே தள்ளிவிடுகிறது. அந்த எல்லையில் டிரைவ் ஷாஃப்டின் ஜாயிண்ட் தாங்கும் கோணத்தைத் தாண்டுகிறது. இடப்பக்க ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் சிதறியிருந்தது அதற்குச் சாட்சி.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகின்றன. இங்கே சொல்லப்படும் கோணக் கணக்கு எல்லா நாட்டுக்கும் பொருந்தும், அனுமதி பொருந்தாது.

செய்த வேலை

முன்பக்கம் 40 மி.மீ. உயரம் தரும் புதிய காயில் ஸ்பிரிங்குகளும், அவற்றுக்கு இணையான ஷாக் அப்சார்பர்களும் போடப்பட்டன. பிரிக்கும்போது ஸ்பிரிங்கைக் கம்பிரஸரில் பூட்டி, அழுத்தம் முழுவதும் கம்பிரஸருக்கு வந்ததை உறுதிசெய்த பின்னரே தலை நட்டைக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டு இம்பாக்ட் கன்னை வைத்தால் ஸ்பிரிங் ஆளையே அடித்துவிடும். மேல் ஆர்ம்களுக்குப் பதிலாக, பால் ஜாயிண்ட்டின் இருக்கை பின்னே தள்ளி அமைக்கப்பட்ட ஆர்ம்களைப் பொருத்தினோம். இழந்த காஸ்டரின் பெரும்பகுதி இதிலேயே திரும்பிவிடுவதால், கேம்கள் நடுப்பகுதிக்கு அருகில் இருந்து வேலை செய்ய முடிகிறது. நான்கு கேம் போல்ட்டுகளும் புதியவை. வலப்பக்கப் பின் போல்ட் புஷ்ஷின் குழாயோடு துருப்பிடித்து ஒட்டியிருந்ததால் அறுத்தெடுக்க வேண்டியிருந்தது. அதற்கே இரண்டு மணி நேரம் போயிற்று. கீழ் ஆர்ம் புஷ்கள் மாற்றப்பட்டன.

பின்பக்கம் துளைக்குப் பொருந்தும் தலையுள்ள சென்டர் போல்ட்டுகளும் புதிய யு-போல்ட்டுகளும் போட்டு, நான்கு நட்டுகளையும் குறுக்குமறுக்காகப் படிப்படியாக இறுக்கினோம். பிரேக் வால்வின் நெம்புகோல், நீட்டிப்புத் தகடு ஒன்றின் மூலம் பழைய கோணத்துக்குக் கொண்டுவரப்பட்டது. புறப்படும்போது வந்த அதிர்வு, பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் நடுத் தாங்கியை 10 மி.மீ. இறக்கியதும் நின்றது.

புஷ் போல்ட்டுகள் அனைத்தும், மேல் ஆர்ம், கீழ் ஆர்ம், பட்டை ஸ்பிரிங்கின் கண், ஷேக்கிள் என ஒன்றுவிடாமல், வண்டி தன் சக்கரங்களில் தரையில் நின்று, சிறிது தூரம் முன்னும் பின்னும் உருண்டு, குலுக்கிவிடப்பட்ட பிறகே டார்க் ரெஞ்சால் இறுக்கப்பட்டன. அதன்பின் ஒவ்வொரு கேமின் மேலும் சேஸியிலும் சேர்த்து மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இட்டோம். கேம் நகர்ந்தால் கோடு உடையும். ஓட்டுநரே குனிந்து பார்த்துச் சொல்லலாம்.

கிடைத்த அளவுகள்: கேம்பர் இரு பக்கமும் −0.2 டிகிரி. காஸ்டர் இடப்பக்கம் 2.7, வலப்பக்கம் 3.0. டோ மொத்தம் 2 மி.மீ. உள்நோக்கி. பின் அச்சின் சாய்வு 0.03 டிகிரி. காஸ்டரில் 0.3 வேறுபாட்டை வேண்டுமென்றே வைத்தோம். சாலையின் வலப்பக்கச் சரிவுக்கு இடப்பக்க இழுப்பு சிறிது ஈடுகொடுக்கும். இடப்பக்கம் ஓட்டும் நம் ஊரில் இதைத் தலைகீழாக வைக்க வேண்டும்.

எங்கள் பிழை

நான்காம் நாள் தம்பி தொலைபேசியில் அழைத்தார். இழுப்பு இல்லை; ஆனால் ஸ்டியரிங் சற்றுக் கனமாக இருக்கிறது, இரவில் எதிரே வருபவர்கள் எல்லாரும் விளக்கை மின்னி எச்சரிக்கிறார்கள் என்றார். காரணம் உடனே விளங்கியது. வேலைக்காகச் சரக்குத் தொட்டியைக் காலி செய்தவர்கள் நாங்கள். காலியாக வைத்தே அலைன்மென்ட்டும் செய்துவிட்டோம். இந்த வண்டியோ ஜெனரேட்டர், குழாய் தூக்கும் முக்காலி, கருவிப் பெட்டிகள் என 300 கிலோ சுமையை ஒருநாளும் இறக்குவதில்லை. அந்தச் சுமையோடு பின்பக்கம் 25 மி.மீ. தாழ்ந்தது. ஹைலக்ஸின் முன் பின் அச்சுகளுக்கு இடையேயான தூரம் 3,085 மி.மீ.; 25 மி.மீ. தாழ்வு வண்டி முழுவதையும் 0.46 டிகிரி பின்னே சாய்க்கிறது. அந்த 0.46 அப்படியே காஸ்டரில் கூடுகிறது. ஹெட்லைட்டின் ஒளியையும் 25 மீட்டர் தூரத்தில் 20 செ.மீ. மேலே தூக்கிவிடுகிறது.

வண்டியை அன்றாடச் சுமையுடனேயே வரவழைத்து, எரிபொருள் பாதி நிரம்பிய நிலையில், அலைன்மென்ட்டையும் விளக்குகளையும் மறுபடி அமைத்தோம். எவ்வளவு சுமையோடு அளக்கப்பட்டது என்பதைப் பில்லிலேயே எழுதிக் கொடுத்தோம். சுமக்கும் வண்டியைச் சுமையோடு அளக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. வேலை முடிந்த மகிழ்ச்சியில் கேட்கத் தவறிவிட்டேன்.

தொடர் கண்காணிப்பு

500 கி.மீ.யில் யு-போல்ட்டுகளை மறுபடி இறுக்கினோம். இடப்பக்கத்தில் இரண்டு நட்டுகள் கால் சுற்று ஏற்றன. புதிய யு-போல்ட்டுகள் உட்காரும்வரை இது இயல்பே. 1,000 கி.மீ.யில் முன்பக்கம் இடது 4 மி.மீ., வலது 5 மி.மீ. தாழ்ந்திருந்தது, டோ 1 மி.மீ. மாறியிருந்தது, திருத்தினோம். பெயிண்ட் கோடுகள் உடையவில்லை. ஆகவே மாறியது உயரத்தால்தானே ஒழிய கேம் சரிவால் அல்ல என்று ஐயமின்றிச் சொல்ல முடிந்தது.

5,000 கி.மீ.யில் எந்த அளவும் மாறவில்லை. 10,000 கி.மீ.யில் புதிய முன் டயர்களின் பட்டன் ஆழம் (தரையைப் பிடிக்கும் வரிப்பள்ளத்தின் ஆழம்) உள்விளிம்பில் 8.4 மி.மீ., வெளிவிளிம்பில் 8.5 மி.மீ. இடப்பட்ட நான்கு கோடுகளும் புழுதிக்கு அடியில் அப்படியே இருந்தன. மேல் ஆர்மின் பாலியூரித்தேன் புஷ்கள் மட்டும் மலைப்பாதைத் தூசியில் முனகத் தொடங்கியிருந்தன. கிரீஸ் நிப்பிள் வழியாகப் பழைய கிரீஸ் வெளியேறும்வரை புதியதை ஏற்றி, அதை 5,000 கி.மீ.க்கு ஒருமுறை செய்யும்படி ஓட்டுநரின் பதிவேட்டில் எழுதிக் கொடுத்தோம்.